குதிரைப் படத்தின் கடைசிப் பெட்டி

பாறசாலைக் கொட்டகையில் ஒரு படம் ஓடினால் அதே படம் அதே மாலையில் களியக்காவிளைக் கொட்டகையிலும் ஓடும். கொட்டகை இரண்டு, படம் ஒன்று, சைக்கிள் ஒன்று, அதை மிதிக்க நான். இரண்டு கொட்டகைக்கும் முதலாளி பொன்னப்பன். ஒரே படத்துக்கு இரண்டு பிரதி வாடகைக்கு எடுக்க அவருக்கு மனம் வராது. அதனால் பாறசாலையில் ஒரு பிலிம் பெட்டி ஓடி முடிந்ததும் நான் அதைக் கேரியரில் கட்டிக்கொண்டு மூன்று மைல் மிதித்துக் களியக்காவிளையில் இறக்குவேன். அது அங்கே ஓடும்போது நான் அடுத்த பெட்டிக்காகத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பேன். கடைசிப் பெட்டியைக் களியக்காவிளையில் இறக்கிய கையோடு, இரண்டாம் ஆட்டத்துக்காக முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பாறசாலைக்கு ஓட வேண்டும்.

இப்படியே மூன்று வருஷம் சினிமாவில் இருந்தேன். ஒரு படத்தின் முடிவையும் கண்டதில்லை. பெட்டி வாங்கும் நேரத்தில் வாசல் துணியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பதுதான் என் சினிமா. கதாநாயகன் ஏன் அழுகிறான் என்று தெரியும், அழுகை எப்போது தீர்ந்தது என்று தெரியாது. ஆனால் யாராவது கேட்டால் படக் கம்பெனியில் வேலை என்று சொல்வேன். கல்யாணத் தரகர் அதைப் 'பிலிம் மேனேஜர்' ஆக்கினார். நான் மறுக்கவில்லை. ஒரு மனிதர் நமக்காக வாயார ஒன்று சொல்லும்போது குறுக்கே விழுந்து தடுப்பது மரியாதையாக இருக்காது.

அது ஐம்பத்தாறாம் வருஷம். தெற்கே நான்கு தாலுகா தமிழ்நாட்டோடு சேரும், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் சேராது என்று பத்திரிகையில் வந்துவிட்டது. எல்லைக் கோடு இஞ்சிவிளையில் விழுமாம். அதாவது என் சைக்கிள் பாதைக்கு நடுவில், பாறசாலை கேரளத்திலும் களியக்காவிளை தமிழ்நாட்டிலுமாக. தினமும் ஊர்வலம், கோஷம், கடையடைப்பு. எங்கள் ஊரில் ஒரு சண்டையைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிற ஆட்கள்தான் எல்லோரும். இப்போது ஒவ்வொருவனும் தான் எந்தப் பாஷைக்காரன் என்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரு முறை இருந்தது. வழியில் ஊர்வலக்காரர்களைக் கண்டால், "பாறசாலை எங்களுக்கே!" என்று தமிழில் கூவுவேன். கை தட்டி வழி விடுவார்கள். போலீஸ்காரர்களைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, "நமஸ்காரம் சாரே," என்பேன். அவர்களும் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் என்னை நம்ம ஆள் என்று நினைத்தன. இதை நான் ராஜதந்திரம் என்று நினைத்திருந்தேன். என் கொள்கையெல்லாம் பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதோடு தீர்ந்துபோகும்.

அந்தச் சமயத்தில்தான் குதிரைப் படம் வந்தது. அதற்கு இங்கிலீஷில் வேறு பெயர் உண்டு. எங்கள் யாருக்கும் நாக்கு வளையாததால் அது குதிரைப் படம் ஆயிற்று. எந்த நாட்டுச் சண்டையோ, ஒரு சர்க்கஸ்காரனும் ஒரு டாக்டர் பெண்ணும் குதிரை வண்டி நிறைய மருந்தை ஒளித்து வைத்துக்கொண்டு எதிரிகளின் ஊர் ஊராகக் கடந்து போகிறார்கள். முதலில் இருவருக்கும் ஆகவே ஆகாது. மூன்றாம் பெட்டியில் அவள் அவனைக் கன்னத்தில் அறைகிறாள். நான்காம் பெட்டியில் அவனுக்குக் காய்ச்சல் வந்து அவளே ராத்திரி முழுக்க நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறாள். பழைய படம்தான், தேய்ந்த பிரதிதான். ஆனாலும் அந்தச் சர்க்கஸ்காரன் ஓடுகிற குதிரைமேல் எழுந்து நிற்கும்போது கொட்டகையே அவனோடு எழுந்து நிற்கும்.

அதைப் பார்த்த நாளிலிருந்து நானும் சைக்கிளில் சற்று நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். ஒருநாள் இறக்கத்தில் கைப்பிடியை விட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு நல்ல வேட்டி போயிற்று.

களியக்காவிளைக்குச் சற்று முன்னால், ரோட்டோரம், விமலகுமாரியின் வீடு. ஒருநாள் அந்த வீட்டின் முன்னால் என் சைக்கிள் செயின் கழன்றது. வேலிக்கு உள்ளேயிருந்து அவள் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பெட்டிக்குள்ள என்ன?" என்று கேட்டாள். குதிரைப் படம் என்றேன். அவள் அப்பா அவளைச் சினிமாவுக்கு விடுவதில்லை. அதனால் கதையை நான் சொன்னேன். மறுநாளும் செயின் கழன்றது. அதற்கு மறுநாள் நானே கழற்றிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டிக் கதை. அறை வாங்கிய கதையைச் சொன்னபோது, "நல்லா வேணும்," என்றாள். காய்ச்சல் கதைக்கு வேலியில் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். இவள் இல்லாமல் எனக்கு இனி ஒன்றும் ஆகாது என்று அந்த இலையைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன்.

ஐந்தாம் பெட்டி முடிகிற இடம் இது. எதிரி நாட்டு எல்லை. சாலையில் குறுக்கே ஒரு கம்பு. கம்புக்கு இந்தப் பக்கம் இருவரும் நிற்கிறார்கள், பின்னால் எதிரிப் பட்டாளம் வருகிறது. அதோடு பெட்டி தீர்ந்துவிடும்.

"அப்பொறம்?" என்று விமலகுமாரி கேட்டாள்.

"அது கொட்டகையில வந்து பாக்க வேண்டிய சங்கதியாக்கும்," என்றேன் மேனேஜர் குரலில். தெரிந்தால்தானே சொல்வதற்கு.

தரகர் மூலம் பெண் கேட்டு விட்டேன். அவள் அப்பா ராஜையாவுக்குச் சந்தையில் வாழைக்குலை மண்டி. ஊர்வலம் எதுவானாலும் முதல் வரிசையில் கொடி அவர் கையில்தான் இருக்கும். அவர் தரகரிடம் சொல்லி அனுப்பிய பதில் இது: மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பெண் கேட்டுக் காத்திருக்கிறார். பையனின் ஊரான பாறசாலை கேரளத்துக்குப் போய்விடும் போலிருக்கிறது, மகளை வேறு ஸ்டேட்டுக்குக் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை. ஆனாலும் பெண் பிடிவாதம் பிடிப்பதால், சனிக்கிழமை களியக்காவிளைக் கொட்டகைக்குக் குடும்பத்தோடு வந்து பையனையும் பையனின் வேலையையும் பார்த்துவிட்டு அன்றைக்கே ஒரு முடிவு சொல்வார்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் வேலையைப் பார்க்க வருவதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். பொன்னப்பனின் காலில் விழாத குறையாக மூன்று நாற்காலி வாங்கிப் போட்டேன்.

சனிக்கிழமை சலவைச் சட்டை, தலையில் எண்ணெய். ஒவ்வொரு பெட்டியையும் இறக்கும்போது நாற்காலிகள் பக்கமாக ஒரு பார்வை. ராஜையா கொடி பிடிக்கிற மாதிரியே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை விஜயம்மா, அதற்கடுத்து விமலகுமாரி. ஒருமுறை விமலகுமாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் பாறசாலைக்கு மிதித்ததில் ஒரு பஸ்ஸையே முந்தினேன். அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

கடைசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இஞ்சிவிளை வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அங்கே ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். கையில் கம்புகள் தெரிந்தன. கொடிக்கம்பு என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, விமலகுமாரியின் அப்பா காதுக்கும் எட்டட்டும் என்று, கைப்பிடியை விட்டு ஒரு கையை உயர்த்தி, என் வாழ்நாளிலேயே பெரிய குரலில், "பாறசாலை எங்களுக்கே!" என்று கூவினேன்.

கொடிக்கம்பு அல்ல, லத்தி. வடக்கே எங்கிருந்தோ அன்று மாலைதான் வந்து இறங்கிய போலீஸ்காரர்கள். ஊர்வலத்தைச் சற்று முன்புதான் ரோட்டின் ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ரோடு காலியாகி அமைதி வந்ததும் நான் மட்டும் வந்து கூவியிருக்கிறேன்.

"நமஸ்காரம் சாரே," என்றேன் உடனே. காலம் கடந்துவிட்டிருந்தது.

"எந்தாடா பெட்டியில்?" என்றார் முன்னால் நின்ற மீசைக்காரர்.

"பிலிமாணு சாரே. இங்கிலீஷ் படம்."

"துறக்கெடா."

திறந்தேன். மீசைக்காரர் சுருளின் வெளிநுனியைப் பிடித்து ஒரு முழம் இழுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். சாலை, குறுக்கே கம்பு, துப்பாக்கியோடு ஆட்கள். அவர் முகம் மாறியது. "இது எவிடத்தெ அதிர்த்தியாணு?"

இது எந்த எல்லை என்று கேட்கிறார். எல்லைப் போராட்டத்தைப் போலீஸ் அடக்குவதை யாரோ ரகசியமாகப் படம் பிடித்து அனுப்புகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அது வெளிநாடு, சர்க்கஸ்காரன், டாக்டர் என்றெல்லாம் சொன்னேன்.

"நீ கண்டிட்டுண்டோ?"

படத்தைப் பார்த்திருக்கிறேனா என்ற இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் அன்றைக்கு உண்மை சொன்னேன். "இல்ல சாரே."

"கண்டிட்டில்லாத்தவன் எங்ஙனெ அறிஞ்ஞு?" என்றார். பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை பெட்டி அங்கேயே இருக்கும், நான் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த இடத்தில் சர்க்கஸ்காரனாக இருந்தால் பெட்டியைப் பறித்துக்கொண்டு ஒரே தாவில் குதிரைமேல் ஏறியிருப்பான். நானும் பெட்டியைப் பார்த்தேன், லத்தியைப் பார்த்தேன், சைக்கிளைப் பார்த்தேன். பிறகு அமைதியாகக் களியக்காவிளைக்கு மிதித்தேன்.

கொட்டகைக்குள் படம் நின்று, விசிலும் பெஞ்சைத் தட்டுகிற சத்தமும் ரோடு வரை கேட்டது. வெறும் கேரியரைப் பார்த்ததும் யேசுவடியான் தலையில் கை வைத்தார். அவர்தான் களியக்காவிளையில் இங்கிலீஷ் படங்களுக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர். யுத்தத்தின்போது பர்மாவில் பட்டாளத்துக்குச் சமைத்தவர், அதனால் இங்கிலீஷ் தெரியும் என்பது பொன்னப்பனின் கணக்கு.

"படம் ஓடாம நான் என்னத்தச் செல்லுவேன்?" என்றார் யேசுவடியான். "நீயில்லா அதைத் தூக்கிட்டு நடக்கியவன். முடிவ நீயே செல்லு மக்கா. இல்லெங்கி திரையக் கீறிப் போடுவினும்." சொல்லிவிட்டு என்னை முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளைத் திரையின் முன்னால் நின்றேன். எதிரில் நூற்றுக்கணக்கான முகங்கள். அதில் எனக்கு ஒரு முகம்தான் தெரிந்தது. அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் வேலியோரத்தில் கேட்ட அதே கேள்வி முகத்தில் இருந்தது. அப்பொறம்?

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தோன்றவில்லை. இவளை அழ வைத்துவிட்டால் என்னை மறக்க மாட்டாள் என்று தோன்றியது. ஆரம்பித்தேன். எல்லைக் கம்புக்குப் பக்கத்தில் சர்க்கஸ்காரன் அவளை அந்தப் பக்கம் அனுப்புகிறான். 'நீ போ. திரும்பிப் பார்க்காதே. மருந்து போய்ச் சேரணும்.' இவன் தனியாகப் பட்டாளத்தின் முன்னால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு குண்டு. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தே காட்டினேன். பெஞ்சு தட்டுகிறவர்கள் அடங்கினார்கள். குதிரை வந்து அவன் முகத்தை நக்குகிறது என்றேன். குதிரையை இரண்டாம் பெட்டியிலேயே சுட்டுவிட்டார்கள் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவள் அந்தப் பக்கம் போய் வாழ்நாள் முழுக்க வெள்ளைத் துணி உடுத்தி, இன்னொருவனை ஏறெடுத்துப் பார்க்காமல், அவனையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்று முடித்தேன். முடிக்கும்போது என் குரலே தழுதழுத்தது.

கொட்டகை அழுதது. பெண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்துகிற சத்தம். பெஞ்சுகள் தப்பின, திரை தப்பியது. எனக்கு அப்படி ஒரு பெருமை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு மூன்று நாற்காலிகளைப் பார்த்தேன். மூன்றும் காலி.

வெளியே ஓடினேன். ராஜையா குடையை ஊன்றிக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தார். விஜயம்மாவின் குரல் ரோடு முழுக்கக் கேட்டது.

"மாப்பிள காண வந்த எடத்தில, கெட்டப்போற பெண்ணு முன்னால, ஆம்பிளயக் கொன்னு பெண்ணுக்கு வெள்ளையும் உடுத்தி உட்டுட்டான் அண்ணே! இதுல கூடின அவசகுனம் வேற என்ன உண்டு? அதும் அவனே கெடந்து செத்துக் காட்டுகான்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பெண் பார்க்கும் இடத்தில் செத்துவிட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் ஓடினேன்.

"மாமா, அவன் சாவல்ல!"

ராஜையா நின்றார். "எலே, இப்பம் நீதானே கொன்னே?"

"அது நான் சும்மா சென்னது மாமா. எனக்கு முடிவு தெரியாது. நான் ஒரு படத்துக்க முடிவும் கண்டதில்ல. நான் மேனேஜர் இல்ல. பெட்டி தூக்கியவனாக்கும்."

சொல்லி முடித்ததும் என்னிடம் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. மூன்று வருஷமாகக் கட்டி வைத்த மேனேஜர் ஒரு மூச்சில் போய்ச் சேர்ந்தான். ராஜையா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் மார்த்தாண்டத்து ஜவுளிக்கடை முழுதாகத் தெரிந்தது.

விமலகுமாரி முன்னால் வந்தாள். "அப்போ எனக்கு வேலிக்க பக்கம் நின்னு சென்னது?"

"அதெல்லாம் உள்ளதாக்கும். அறைஞ்சது, காய்ச்சலு, எல்லாம் நான் எட்டிப் பாத்தது. முடிவு மட்டும் தெரியாது."

"முடிவு எங்க இருக்கு?"

"இஞ்சிவிளையில, போலீஸ்காரனுக்க கையில."

"அப்பா," என்றாள் அவள், "எனக்கு முடிவப் பாக்கணும். பாத்துட்டு நீங்க செல்லிய ஆளக் கெட்டியேன்."

இஞ்சிவிளைக்கு நடந்தோம். ராஜையா மகளுக்காக வந்தாரா, அங்கே தன் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதற்காக வந்தாரா என்று எனக்குத் தெரியாது. ரோட்டின் ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் ஊர்வலக்காரர்கள், நடுவில் என் பெட்டி. இன்ஸ்பெக்டர் வரவில்லை. மீசைக்காரருக்கும் பொழுது போகவில்லை.

"சாரே, இதில் ஒந்நுமில்ல, நோக்கிக்கோளூ," என்று விமலகுமாரியே மலையாளத்தில் சொன்னாள். மீசைக்காரர் சுருளைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். நாடா நீளமாக வந்தது. ரோட்டில் புரள விடாமல் ஊர்வலக்காரர் ஒருவர் ஏந்தினார், அடுத்து ஒரு போலீஸ்காரர், அடுத்து விஜயம்மா. பெட்ரோமாக்ஸோடு ஒருவர் பக்கத்தில் வர, "வெளக்க எட்டக் கொண்டு போவும்! பிலிம் தீ பிடிக்கும்!" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் சினிமாத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான். டார்ச்சைப் பின்னால் பிடித்து, துண்டு துண்டாக, விரல் நகமளவு படங்களைப் பார்த்தோம்.

முதலில் வந்தது சாலையில் விழுந்து கிடக்கிற ஆள். விஜயம்மா, "அய்யோ," என்றாள். அவன்தான், அந்தச் சர்க்கஸ்காரன்தான். தூரத்தில், கம்புக்கு அந்தப் பக்கம், எறும்பு மாதிரி அந்தப் பெண். இன்னும் இழுத்தார்கள். எறும்பு பெரிதாயிற்று.

"வாறா! திரும்பி வாறா!" என்றார் ஊர்வலத்தில் ஒருவர்.

"பின்னெ எந்தினா முதுகு காட்டி வருந்நே?" என்றார் மீசைக்காரர். உண்மைதான். அவள் முகம் தெரியவில்லை, முதுகுதான் கம்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"நாணமாக்கும்," என்றாள் விஜயம்மா. "ஆம்பிள முன்னால நேரே முகத்தக் காட்டிட்டு வருவாளா? நல்ல எடத்துப் பெண்ணு."

ராஜையா தலையாட்டினார். இன்னும் இழுத்தார்கள். கிடந்தவன் எழுந்தான். ஊர்வலத்தில் விசில் பறந்தது, போலீஸ் பக்கத்திலும் ஒன்று. துப்பாக்கி கீழே இறங்கியது. அவள் கம்புக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். கடைசியில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேல் யாரும் இழுக்கவில்லை. கையைப் பிடித்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

"கண்டியளா மாமா? நான் செல்லல்லியா, அவன் சாவல்லன்னு?" என்றேன். என் வெட்கங்கெட்டதனத்துக்கு அளவே இல்லை.

ராஜையா குடையைத் தட்டினார். "செரி, படம் நல்லாத்தான் தீருது. ஆனா எனக்க பெண்ண நான் கேரளத்துக்குக் குடுக்க மாட்டேன். அதுல மாத்தமில்ல."

சர்க்கஸ்காரன் எழுந்துவிட்டான், நான் எழவில்லை. அந்த இருட்டு ரோட்டில் அவளைப் பார்ப்பது அதுதான் கடைசி என்று நினைத்தேன், கண் நிறைந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

விமலகுமாரி நாடாவைக் கீழே விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"அப்பா, பாறசாலை நம்மளுக்கதுன்னு தானே இன்னைக்கும் கொடி பிடிச்சு ஜாதா போனிய?"

"ஆமா. அதுல எவனுக்குச் சந்தேகம்?"

"பின்ன நான் பாறசாலைக்குக் கெட்டிப் போனா அது எப்பிடி வேற ஸ்டேட்டு ஆவும்? கோடு போடுகது கெவர்மெண்டா, நீங்களா?"

ஊர்வலக்காரர்கள் எல்லோரும் ராஜையாவைப் பார்த்தார்கள். கொடி பிடித்த கை, கொடி பிடிக்காத கை இரண்டையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். வேறு ஸ்டேட் என்றால் போராட்டம் தோற்றது என்று முன்வரிசைத் தலைவரே சொன்னதாகிவிடும். வேறு ஸ்டேட் இல்லை என்றால் பெண்ணைக் கொடுக்க வேண்டும். பின்னால் யாரோ, "குடுத்துருங்க அண்ணே, பாறசாலை நம்மளுக்கே!" என்றார். மற்றவர்கள் அதையே கோஷமாக்கினார்கள். போலீஸ்காரர்கள் லத்தியை எடுப்பதா வேண்டாமா என்று மீசைக்காரரைப் பார்க்க, அவர் சுருளைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"இவனுக்க மூஞ்சியப் பாத்து இல்ல," என்றார் ராஜையா என்னைக் காட்டி. "மண்ணுக்காகக் குடுக்கியேன்."

எதற்காகக் கொடுத்தால் என்ன, வாங்கிக்கொண்டேன். ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் கோடு விழுந்தது, இஞ்சிவிளையிலேயே. மாமா சாகும்வரை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசத்துக்கு வருகிற முகத்தோடுதான் வந்தார். ஆனால் வாராவாரம் வந்தார், ஒரு குலை ஏத்தன் பழம் இல்லாமல் வந்ததில்லை.

இரண்டு ஸ்டேட்டுக்கு ஒரே படம் ஓட்ட முடியாது என்று ஆனதும் பொன்னப்பன் களியக்காவிளைக் கொட்டகையை விற்றார். சைக்கிள் வேலை போயிற்று. பாறசாலைக் கொட்டகையில் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. அதில் ஒரு சுகம், படங்களின் முடிவைப் பார்க்கலாம். ஆபரேட்டர் அறைக்கும் போய்வரப் பழகினேன். ஓடி முடிந்த சுருளில் படத்தின் கடைசிதான் வெளியில் இருக்கும், திருப்பிச் சுற்றிய பிறகுதான் அடுத்த ஆட்டத்துக்குப் போட முடியும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மூன்று வருஷம் அந்தச் சுருளைச் சுமந்தவன், தலை எது வால் எது என்று தெரியாமலே சுமந்திருக்கிறேன். தெரிந்த பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் புத்தி அவ்வளவு வேகம்.

சில வருஷம் கழித்து அதே குதிரைப் படம் வந்தது. இன்னும் தேய்ந்திருந்தது. விமலகுமாரியைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கடைசிப் பெட்டி. எல்லைக் கம்பு. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, முடிவை முதலிலேயே காட்டுகிறார்களே என்று. பிறகு அவன் கையை விடுகிறான். அவள் கம்புக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போகிறாள். துப்பாக்கி மேலே எழுகிறது. அவன் விழுகிறான். அவள் நடந்து போகிறாள், போகிறாள், எறும்பாகிறாள். திரும்பியே பார்க்கவில்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு இஞ்சிவிளையில் அத்தனை பேரும் படத்தை வாலிலிருந்து தலைக்குப் பார்த்திருக்கிறோம். கொட்டகையில் திரைக்கு முன்னால் நின்று நான் அடித்துவிட்ட பொய், வார்த்தைக்கு வார்த்தை உண்மையாக இருந்திருக்கிறது. குதிரை நக்கியதும் வெள்ளைத் துணியும் தவிர.

"விமலா," என்றேன், "அவன் உள்ளதாட்டே செத்துப்போனான்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள்.

நின்றுவிட்டேன். "எப்பிடி?"

"துப்பாக்கிக்க உள்ள பொகை கேறிப் போறதக் கண்டேன். ஊருல எங்கயாவது அப்பிடி உண்டா?"

"பின்ன ஏன் அன்னைக்குச் செல்லல்ல?"

அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"எதுக்குச் செல்லணும்? நீங்களும் கொன்னு போட்டிய, படக்காரனும் கொன்னு போட்டான். எனக்கு ஆளு உயிரோட வேணும்லா."